ஒன்பதாம் தேதி, ஏழாம் கோல்

திபிலிசியில் மழை.
நீர்வள அலுவலகம், மூன்றாம் மாடி, பின்னறை.
ஹீட்டர்மேல் காய்கிறது என் காலுறை.
திரையில் பிப்ரவரி:
இருபத்தெட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி.
மலைமேல் நட்ட பன்னிரண்டு கோல்களில்
அன்றன்று பனி எத்தனை சென்டிமீட்டர்.

முந்நூற்று முப்பத்தாறு கட்டங்கள்,
ஆனால் உள்ளே ஒரே ஆள்தான்.
தபாலாபீஸ் முத்திரை மாதிரி
ஒன்றில் குத்தி, மை காயுமுன் அடுத்ததில் குத்தி
ஓடிக்கொண்டே இருக்கிறான்.
நாம் பார்ப்பது அவனை அல்ல,
அவன் போன தடத்தை.

நேற்று அவனுக்கு ஒன்று சொல்லிவைத்தேன்:
இருநூறைத் தாண்டினால் சிவப்பு.
மூன்றாம் தேதி தாண்டியது. சிவந்தது.
அதன் பின் வந்த நாற்பதும் சிவப்பு,
பன்னிரண்டும் சிவப்பு,
பக்கத்தின் அடிவரை சிவப்பு.
வெள்ளையாக இரு என்பதையும்
ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டுமாம் அவனுக்கு.
கோபத்திலிருந்து இறங்கிவரத் தெரியாத
வாஹ்தாங்கை நினைத்துக்கொண்டேன்.
சரி, என்னையும்தான்.
ஒரு வரி சேர்த்தேன். வெளுத்தது.

அது காட்டுகிறவன் கதை.
திருத்துகிறவன் வேறு.
இரண்டு முறை தட்டினால்தான் எழுவான்.
முத்திரை குத்திய இடத்தில்
நிஜமாகவே ஒரு பெட்டி வந்து உட்காரும்,
உள்ளே ஒரு கோடு துடிக்கும்.
அட்டவணை முழுதுக்கும்
ஒரு நேரத்தில் ஒரே ஒரு துடிப்பு.

மெஸ்தியாவிலிருந்து மக்வாலா கூப்பிட்டாள்.
"ஒன்பதாம் தேதி, ஏழாம் கோல்.
சும்மா தொட்டுப் பார்த்தேன்.
என்ட்டர் தட்டி வெளியே வந்தால் பூஜ்யம்."
"முன்னால் என்ன இருந்தது?"
"சாம்பல் கோடு."
"கோடு என்றால் ஒன்றுமில்லைதானே?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கோடு என்றால்
முர்தாஸ் அன்று ஏறவில்லை.
பாதையில் சரிவு.
பாதி வழிக் குடிசையில் மூன்று நாள் கிடந்தான்,
குதிரையோடு, ஒரு பை ரொட்டியோடு.
கோல் நின்ற இடமே தெரியாதபடி பனி.
உன் பெட்டி சொல்கிறது
பனியே இல்லையென்று."

பார்த்தேன்.
அடிவரியில் சராசரி சத்தமில்லாமல் இறங்கியிருந்தது.
சிவந்திருக்க வேண்டிய கட்டம்
வெள்ளைவெளேரென்று சிரித்தது.
அதை நம்பி யாராவது
கீழ்ச்சாலையைத் திறந்திருந்தால்?

நான் எழுதியதுதான்.
காலியை வாங்கி, எண்ணாக மாற்றி,
எண் கிடைக்காவிட்டால் பூஜ்யம் போடு என்று
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில்.
தெரியாது என்று சொன்னவன் வாயில்
இல்லை என்ற சொல்லைத் திணித்திருக்கிறேன்.

ராத்திரி பத்து வரை இருந்தேன்.
காலியைத் தொட்டால் காலியாகத் திற.
காலியாகவே மூடு.
எழுத்தைத் தட்டினால் ஓரம் சிவந்து நில்,
விடாதே.
எஸ்கேப் என்றால் வந்த வழியே போ.
தொட்டேன், வெளியே வந்தேன்.
தொட்டேன், வெளியே வந்தேன்.
கோடு கோடாகவே இருந்தது.
தொட்டுப் பார்த்ததற்காக
எதுவும் மாறிவிடக் கூடாது.

மறுநாள் மக்வாலா கேட்டதால்
கோட்டுக்குள் ஒரு பட்டியலும் வைத்தேன்.
கோல் உடைந்தது, கோல் புதைந்தது, ஆள் ஏறவில்லை,
எது வேண்டுமோ பொறுக்கிக்கொள்ளலாம்.

"இன்னும் ஒன்று," என்றாள்.
"வரிசைக் கடைசியில் ஒரு டிக் பெட்டி.
அளவு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.
ஆள் இறங்கி வந்தானா,
அதற்கு."

இருபது பிக்சல் அகலம்.
பத்தித் தலையில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.
"ஒன்றும் எழுதாதே,
இங்கே எல்லோருக்கும் தெரியும்."

ஒன்பது, பத்து, பதினொன்று
வெறும் சதுரங்கள்.
பன்னிரண்டில் அவளே தட்டினாள்.
ஒரே தட்டு.
அந்தப் பெட்டிக்கு
இரண்டு முறை தட்டத் தேவையில்லாமல்
செய்துவைத்திருந்தேன்.